கால்நடையாகப் பார்த்த டச்சுப் பட்டினம்

ஐரோப்பாவின் பழைய நகரங்களுக்குப் போகிறவர்கள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. காலையில் ஏதாவது ஒரு சதுக்கத்தில் கூடி, உள்ளூர் வழிகாட்டியின் பின்னால் இரண்டு மூன்று மணி நேரம் தெருத்தெருவாக நடப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் அப்படி நடப்பவர்கள் பார்க்கும் இடங்களில் ஒன்று ஔடே ஹோக்ஸ்ட்ராட் தெருவில் இருக்கும் பழைய செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம், இப்போது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் கதையை அந்த முற்றத்தில் நின்று கேட்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் ஒரு பெரிய பங்கு நடந்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது.

பழவேற்காட்டைத்தான் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற எங்களுக்குப் பழவேற்காடு என்றால் நண்டும் இறாலும்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது வண்டி எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவார்கள். சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தால் பாண்டிச்சேரிக்கு பஸ் பிடிப்போம். பிரெஞ்சுக்காரர்களின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக் கம்பெனி 1674இல்தான் ஊராக்கத் தொடங்கியது. ஆங்கிலேயர் சென்னையில் இடம் வாங்கியது 1639. அதற்கெல்லாம் முன்பே, 1613இல், நமக்குப் பக்கத்திலேயே கோட்டை கட்டி, அதற்குள் நாணயசாலையும் வைத்து, சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு வணிகத்தை 1690 வரை ஆண்ட ஊர் பழவேற்காடு. அங்கே நடந்து பார்ப்பதற்கு விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பஸ்.

இந்த ஜனவரியில் எங்கள் செக்‌ஷன் ஆட்கள் சிலர் சேர்ந்து போனோம். ஊரைச் சுற்றிக் காட்ட, தெரிந்தவர் மூலம் ஒரு தம்பியை ஏற்பாடு செய்திருந்தோம். மீனவக் குடும்பத்துப் பையன். காலையில் வலை வேலை, மற்ற நேரத்தில் வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டுவது என்று இருக்கிறவர். பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, இங்க கண்ணால பாக்கறது கொஞ்சம்தான். காதால கேக்கறதுதான் ஜாஸ்தி. அவசரப்படாம வாங்க."

அது எவ்வளவு சரி என்பது கோட்டைக்குப் போனதும் தெரிந்தது. கெல்டிரியா கோட்டை என்று பெயர் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் வேலூர்க் கோட்டை மாதிரி ஏதோ நிற்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அங்கே இருப்பது சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு, அதைச் சுற்றி அகழி இருந்த பள்ளம், அங்கங்கே தலைநீட்டும் செங்கல். வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் அதைக் கோட்டை என்றே நினைத்திருக்க மாட்டோம். தம்பி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். ஒரு சதுரம். நாலு மூலையிலும் முன்தள்ளிய கொத்தளம். சுற்றிலும் அகழி. "நாம இப்ப இந்த மூலைல நிக்கறோம்" என்று குச்சியை ஊன்றினார். அதற்குப் பிறகு அந்த முள்மேடு எங்களுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழவேற்காடு டச்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர் கிடையாது. விஜயநகர அரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. இங்கிருந்து மரக்காயர்களும் செட்டிகளும் கப்பலில் துணி ஏற்றி மலாக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த டச்சுக்காரர்கள், விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் அனுமதி வாங்கிப் பண்டகசாலை வைத்தார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612இல் படையோடு வந்து பண்டகசாலையை அழித்துவிட்டுப் போனார்கள். மறுவருடமே வெம்மர் ஃபான் பெர்ஹெம் என்ற டச்சு அதிகாரி கோட்டையை எழுப்பினார். நெதர்லாந்தில் அவர் பிறந்த மாகாணம் கெல்டர்லாந்து. அந்தப் பெயரையே கோட்டைக்கும் வைத்துவிட்டார்.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1611இல் 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. வியாபாரம் செய்ய இடம் கேட்டார்கள். அரசரிடம் உரிமை வாங்கியது நாங்கள்தான் என்று டச்சுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். கப்பல் வடக்கே நிஜாம்பட்டினத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போனது. பிறகு 1626இல் ஏரியின் வடக்குப் பக்கம் ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்காராயப்பட்டினத்தில் ஆங்கிலேயர் ஒரு பண்டகசாலை வைத்துப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. நல்ல துணி கிடைக்கிற இடம் தேடித் தெற்கே வந்த பிரான்சிஸ் டே 1639இல் வாங்கிய மணல்மேட்டில்தான் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. சென்னையின் வரலாற்றை மெரினாவிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் கொஞ்சம் வடக்கே தள்ளிப் பழவேற்காட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து.

டச்சுக்காரர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் துணி. அவர்களுக்கு வேண்டியது மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளியைவிட நம் துணியையே கேட்டார்கள். சாயவேரில் தோய்த்த சிவப்பும் அவுரி நீலமும் பூ எழுதிய துணியும் இங்கிருந்து போனால்தான் அங்கே மசாலா கிடைக்கும். அதனால் சோழமண்டலக் கரையை மொலுக்கஸின் இடது கை என்றே டச்சு அதிகாரிகள் எழுதினார்கள். சுற்றுவட்டார நெசவாளர்களுக்கு வியாபாரிகள் வழியாக முன்பணம் போகும், துணி கோட்டைக்கு வரும், தரம் பார்த்துக் கட்டி ஏற்றுவார்கள். தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிற எனக்கு இந்த இடத்தில் நிறைய கேள்வி இருந்தது. யார் பார்த்தார்கள், கழித்துக்கட்டின துணிக்கு யார் நஷ்டம் தாங்கினார்கள் என்றெல்லாம் கேட்டேன். "நஷ்டம் எப்பவும் நெய்யறவங்களுக்குத்தான் அக்கா" என்றார் தம்பி. மலேசியாவில் இன்றும் ஆண்கள் வீட்டில் உடுத்தும் கட்டம்போட்ட கைலி இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. நெய்தவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கேயும் பொறிக்கப்படவில்லை.

துணியோடு வெடிமருந்தும் இங்கே தயாரானது. ஆசியாவில் இருந்த டச்சுக் கப்பல்களுக்கும் கோட்டைகளுக்கும் பழவேற்காட்டு மருந்து போனது. அதைச் சொல்லிவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இன்னொண்ணும் ஏத்துனாங்க அக்கா. அத இங்க நின்னுதான் சொல்லணும்" என்றார்.

ஆட்களை ஏற்றினார்கள். 1619இல் ஜாவாவில் படேவியா நகரத்தை டச்சுக்காரர்கள் உண்டாக்கினார்கள். 1621இல் பாண்டா தீவுகளில் யான் பீட்டர்ஸோன் கூன் நடத்திய படுகொலையில் தீவே காலியானது. ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யக் கை வேண்டும், படேவியாவைக் கட்ட ஆள் வேண்டும். இங்கே சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் மாறி மாறி வந்துகொண்டிருந்த காலம். செஞ்சி, தஞ்சாவூர் சீமைகளில் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையே விற்றார்கள், பிள்ளைகளை விற்றார்கள். தரகர்கள் பிடித்துக்கொண்டு வந்தும் விற்றார்கள். அரக்கான் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் இங்கே வந்து போயிருக்கிறார்கள். கம்பெனியின் கப்பல்கள் அவர்களைச் சரக்கு மாதிரி எண்ணி ஏற்றிக்கொண்டு போயின. போன வழியிலேயே பலர் செத்தார்கள். பஞ்சம் வந்த வருடங்களில் இந்த ஏற்றுமதி கூடியதையும் நல்ல மழை பெய்த வருடங்களில் குறைந்ததையும் கம்பெனியின் கணக்குகளை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எங்களோடு வந்த ஒருவர், கோட்டையில் இப்போது ஒரு நினைவுக்கல்லாவது இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் நின்ற இடத்தில் முள்ளும் மண்ணும்தான் இருந்தன. கோட்டையை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். 1824 லண்டன் ஒப்பந்தத்தின்படி 1825இல் ஊரும் அவர்கள் கைக்குப் போனது.

அங்கிருந்து டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்ததற்கு முழுசாக நிற்கும் சாட்சி இது ஒன்றுதான். இங்கே அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நில்லுங்கள்.

வாசல் வளைவின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. கோயில் வாசலில் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு முதலில் திக்கென்று இருக்கும். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். வருகிறவன் யாராக இருந்தாலும் இதுதான் முடிவு என்று சொல்லும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்லறைகளில் சாதாரணம். மண்டையோடு, மணல்கடிகாரம், எலும்பு எல்லாம் அங்கே திரும்பத் திரும்ப வரும் சின்னங்கள். அது நம் வெயிலில், நம் கடற்காற்றில் நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது.

உள்ளே கல்பலகைகள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. சில கல்லறைகளுக்குமேல் கூம்பிய உயரமான தூண், சிலவற்றுக்குக் கட்டடம். பலகைகளைக் குனிந்து பார்க்க வேண்டும். எழுத்தைக் குழிவாக வெட்டவில்லை. சுற்றியிருக்கும் கல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு எழுத்தை மேலே நிற்க வைத்திருக்கிறார்கள். தம்பி தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தெளித்தார். காய்ந்த கல்லில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து வந்தன. டச்சு மொழி எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அமைப்பு ஒன்றுதான் என்பதால் நாலைந்து கல் பார்த்ததும் பிடிபட்டுவிடுகிறது. இங்கே அடக்கமாகியிருப்பவர் இன்னார் என்று ஆரம்பம், அப்புறம் கம்பெனியில் என்ன உத்தியோகம், எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தேதியில் இறந்தார், வயது என்ன. மேலே குடும்பச் சின்னம். மனைவி பெயரும் குழந்தைகள் பெயரும் சேர்ந்து வரும் கற்களும் இருக்கின்றன. வயதைக் கூட்டிப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். முப்பதும் முப்பத்தைந்தும்தான் ஏராளம். சம்பாதிக்க வந்து காய்ச்சலில் போனவர்கள்.

ஒரு கல்லில் கெல்டிரியா கோட்டையே சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மண்ணில் தம்பி கோடு போட்டுக் காட்டிய அதே கோட்டை. அதன் தோற்றம் இப்போது அந்த ஊரில் மிஞ்சியிருப்பது ஒரு கல்லறைக் கல்லின்மேல்தான். அதைத் தடவிப் பார்க்கக் கை நீட்டிய எங்கள் ஆளைத் தம்பி தடுத்துவிட்டார். "பாருங்க, தொடாதீங்கண்ணே. ஆளுக்கு ஒரு தடவ தொட்டாலும் தேஞ்சுடும்." அவர் அதை அதிகாரமாகச் சொல்லவில்லை, வீட்டுப் பொருளைக் காக்கிறவர் மாதிரி சொன்னார். மதிலுக்கு இந்தப் பக்கம் காலி பாட்டிலும் பிளாஸ்டிக் கவரும் கிடந்ததைப் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்.

இந்த ஊரில் வாழ்ந்த டச்சுக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். கம்பெனியின் பாதிரியார். 1632இலிருந்து பத்து வருடம் பழவேற்காட்டில் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி போர்த்துகீசியம். அதில் பேசிப் பேசி, நம் ஊர்க் கோயில், சடங்கு, திருவிழா, சாதி, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களையும் பத்மநாபன் சொல்லச் சொல்ல டச்சில் எழுதினார். நாடு திரும்பிய ரொகேரியஸ் 1649இல் இறந்தார். அவர் மனைவி அந்தக் கையெழுத்துப் பிரதியை 1651இல் லெய்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த அதே கோட்டையில், இன்னொரு பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் சாமியைப் பற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. டச்சுக்காரர் பெருமையை மட்டும் பாடிவிட்டுப் போகிறவர்களிடம் அரை ஊரைத்தான் பார்ப்பீர்கள்.

மீதி ஊரை வேகமாகவே நடந்தோம். கோட்டைக்குப்பத்தில் பழைய முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள், திண்ணையும் மரத்தூணும் நீண்ட உள்கட்டுமாக. பலவற்றுக்கு ஓடு சரிந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்ப்பதற்கு வைத்த சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், கொஞ்சம்தான் வித்தியாசம். பக்கத்தில் ஜமீலாபாத் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலை பச்சையும் ஊதாவுமாகக் கட்டுக்கட்டாக இருந்தது. ஆளுக்கொரு பெட்டி வாங்கினோம். விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறைக்கல்லில் கட்டியது. ராமாயணக் காட்சிகளை விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருப்பதைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மகிமை மாதா திருத்தலம் 1515இல் போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியதாக அறியப்படுவது. இப்போதைய கட்டடம் பிற்பாடு வந்தது. மசூதி, பெருமாள் கோயில், மாதா கோயில் மூன்றுக்கும் நடுவில் நடக்கிற தூரத்தில் டச்சுக் கல்லறை. இப்படி ஒரு ஊர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாகப் படகுத்துறை. இங்கே வந்ததும் தம்பியின் குரலே மாறிவிட்டது. அதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னவர், இப்போது தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பழவேற்காடு ஏரி இந்தியாவில் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது எங்கள் சிலிகா என்று எங்களோடு வந்த ஒடிசாக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு பேரும் வலை, இறால், முகத்துவாரம் என்று பேசிக்கொண்டதில் பாதி தமிழ், பாதி இந்தி, மீதி கைஜாடை. ஏரிக்குள் வலை போடுகிற இடத்துக்கு 'பாடு' என்று முறை உண்டு. இன்றைக்கு இந்தக் குடும்பம் இந்த இடத்தில், நாளைக்கு அடுத்த குடும்பம், என்று முறை வைத்து மாறி மாறி வரும். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. முறை யாருக்கு என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். கம்பெனிகள் வந்தன, போயின. இந்த ஏற்பாட்டைக் கரைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

துறையில் ஏலம் முடிகிற நேரம். பெண்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மடவை ஒரு பக்கம், கொடுக்கைக் கயிற்றால் கட்டிய பச்சை நண்டு ஒரு பக்கம். பின்னால் ஐஸ் பெட்டி ஏற்றின குட்டியானை வண்டிகள். தூரத்தில், தண்ணீர் தாழ்ந்த இடத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. முகத்துவாரம் மண்மூடிப்போனால் கடல்தண்ணீர் ஏரிக்குள் வராது, உப்பின் அளவு மாறும், இறால் குஞ்சு உள்ளே வராது, கடலுக்குப் போகிற படகும் தரை தட்டும். வெயில் காலத்தில் ஊர்க்காரர்களே மண் வெட்டி வழி திறந்த வருடங்கள் உண்டு என்றார். டச்சுக்காரர்கள் போன பிறகும் ஊர் பிழைத்தது இந்தத் தண்ணீரால்தான். ஏரி போனால் பார்ப்பதற்குக் கல்லறை மட்டும்தான் இருக்கும் என்று அவர் சொன்னபோது எங்களில் யாரும் பதில் பேசவில்லை.

இனி நான் கேட்க நினைப்பதைக் கேட்டுவிடுகிறேன்.

பாண்டிச்சேரியில் கட்டடம் நிற்கிறது, அதனால் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம். பழவேற்காட்டில் சொல்கிறவர் இல்லை என்றால் ஊரே கண்ணுக்குத் தெரியாது. எழுத்தில் இருக்கும் ஆதாரங்களுக்குக் குறைவில்லை. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பவையும் அடக்கம். கட்டடக் கலைஞர் சேவியர் பெனடிக்டும் அவருடைய ஆர்டே அறக்கட்டளையும் இந்த ஊரின் வரலாற்றுக்காகவும் ஏரிக்காகவும் வருடக்கணக்காக வேலை செய்து வருகிறார்கள். ஆனால் ஊருக்குள் நடக்கும்போது, இந்த மேடு எது, இந்த வீடு யாருடையது, இந்தத் துறையிலிருந்து யாரைக் கப்பலேற்றினார்கள் என்று தமிழில் சொல்கிற பலகைகளை நாங்கள் காணவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் என்ன படிப்பார்கள்?

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில் நாங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற அட்டவணையில் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாப்பதும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றிலும் எத்தனை ஆலைகள் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மரக்கன்று நடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுங்கள், நல்லதுதான். அதோடு பழவேற்காட்டுக்கு நல்ல தமிழில் இருபது பலகையும், குப்பத்துப் பையன்களும் ஜமீலாபாத் பெண்பிள்ளைகளும் வழிகாட்டியாவதற்கு ஒரு பயிற்சியும் கொடுக்க முடியும். ஒரு ஆலையில் ஆயுதபூஜைக்கு ஆகிற செலவுதான் ஆகும். சிப்காட்டில் மனிதவளப் பிரிவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு வார்த்தை எடுத்துப் போடுங்கள். முதல் பலகையைக் கோட்டை மேட்டில் வையுங்கள். அதில் வெம்மர் ஃபான் பெர்ஹெம் பெயருக்கு முன்னால், இங்கிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களைப் பற்றி எழுதுங்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். காலை ரயிலிலேயே வந்துவிடுங்கள். துறையில் யாராவது ஏரிக்குள் படகில் கூட்டிப்போவதாகச் சொன்னால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கல்லறைக் கற்களின்மேல் உட்காராதீர்கள், சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்து எழுத்துப் படிக்காதீர்கள், தண்ணீர் போதும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நிதானமாக நடந்தால் அரைநாள் பிடிக்கும். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.